கழுத்துக்குக் கீழே

கோபித்துக்கொள்ளாதீர்கள் தம்பி. நீங்கள் கேட்டது எனக்குக் காதில் விழாமல் இல்லை. "ஐயா, இந்தக் காலைக் கொஞ்சம் தூக்கிப் பை மேல வெச்சு விடறீங்களா?" என்று தெளிவாகத்தான் கேட்டீர்கள். நான் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அப்புறம் கண்டக்டரைக் கூப்பிட்டு அவரை வைக்கச் சொன்னேன். மாவுக்கட்டுப் போட்ட கால். பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவன், இரண்டு கையும் நன்றாக இருக்கிறவன், இதைக்கூடச் செய்யவில்லையே என்று நினைத்திருப்பீர்கள். நினைத்தது சரிதான்.

ஏன் என்று சொல்லிவிடுகிறேன். நீங்கள் அந்தியூர் போகிறீர்கள். நானும் அந்தியூருக்குத்தான் டிக்கெட் எடுத்திருக்கிறேன். ஆனால் நான் இறங்க வேண்டிய இடம் அதற்கு முன்னாலேயே வந்துவிடும். வேலமரத்துப் பிரிவு. அதற்குள் சொல்லி முடித்துவிடுவேன்.

என் பெயர் துரைராஜ். பவானியில் சலூன் வைத்திருக்கிறேன். முன்னால் கடை, பின்னால் வீடு, நடுவில் ஒரு கதவு. இருபத்தாறு வருடமாக அதே கடை, அதே இரண்டு நாற்காலி. செவ்வாய்க்கிழமை லீவு. இன்றைக்குச் செவ்வாய்.

போன ஆடியில் அந்தியூர்க் குதிரைச் சந்தைக்குப் போனேன். வேடிக்கை பார்க்கத்தான். வரும்போது ஒரு முறம் வாங்கிக்கொண்டு வரச் சொல்லியிருந்தாள் நாகமணி. நாகமணி என் வீட்டுக்காரி. சந்தையில் நாலு பேர் நாலு விதமாகக் குதிரை பார்ப்பார்கள். ஒருவர் வாயைப் பிளந்து பல் பார்ப்பார். ஒருவர் சுழி பார்ப்பார். ஒருவர் நடக்கவிட்டுக் கால் பார்ப்பார். நான் என்ன பார்ப்பேன்? முடியைத்தான் பார்ப்பேன்.

ஓரத்தில், ஒரு லாரி நிழலில், செவலை நிறத்தில் ஒரு பெண் குதிரை நின்றது. பிடரி மயிர் முழுக்க முடிச்சு. வாலில் ஒட்டுப்புல். உடம்பில் எது மயிர், எது புழுதி என்று தெரியவில்லை. என் கை அரித்தது தம்பி. பொய் சொல்லவில்லை, நிஜமாகவே விரல் நுனி அரித்தது. தலை கலைந்து ஒரு ஆள் கடைக்குள் வந்தால் எங்களுக்கு அப்படித்தான் இருக்கும். இவளை ஒரு வாரம் என்னிடம் விட்டால் எப்படி ஆக்கிக் காட்டுவேன் என்று நினைத்தேன். அவ்வளவுதான் நினைத்தேன். சாயந்திரம் அவளைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

நாகமணி வாசலில் நின்று மேலும் கீழும் பார்த்தாள்.

"மொறம் எங்கீங்க?" என்று கேட்டாள்.

பவளம் என்று பெயர் வைத்தேன். கொல்லையில் வண்டி நிறுத்துகிற தகரக் கொட்டகையை அவளுக்கு ஒழித்துக் கொடுத்தேன். சந்தையிலேயே தேய்ப்புச் சாமான்கள் வாங்கியிருந்தேன். ரப்பர் சீப்பு ஒன்று, முரட்டு பிரஷ் ஒன்று, மெத்தென்ற பிரஷ் ஒன்று. கடைக்காரர் கூடவே மரப்பிடி போட்ட இரும்புக் கொக்கி ஒன்றையும் பையில் போட்டார்.

"இது குளம்பு தோண்டறதுக்குங்க. காலைல ஒருக்கா, பொழுதோட ஒருக்கா, நாலு காலையும் தூக்கித் தோண்டிப் போடுங்க. மத்ததெல்லாம் பாக்கறவங்களுக்கு. இதுதான் குதிரைக்கு" என்றார்.

நான் தலையாட்டினேன். தலையாட்டுவதைப் பற்றி அப்புறம் சொல்கிறேன்.

தேய்ப்பதில் ஒரு குறை வைத்ததில்லை. ஊரில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். விடிந்ததும் ரப்பர் சீப்பை எடுத்துக் கழுத்திலிருந்து ஆரம்பிப்பேன். வட்டம் வட்டமாகத் தேய்க்க வேண்டும். உள்ளே இருக்கிற புழுதி மேலே வரும். அப்புறம் முரட்டு பிரஷ், முடி படிந்திருக்கிற திசையில் நீளமாக. அப்புறம் மெத்தென்ற பிரஷ். கண்ணையும் மூக்கையும் ஈரத்துணியால் துடைக்க வேண்டும், கண்ணுக்கு ஒரு துணி, மூக்குக்கு ஒரு துணி. பிடரியை நுனியிலிருந்து சிக்கெடுத்துக்கொண்டே மேலே போக வேண்டும். வேரிலிருந்து இழுத்தால் வலிக்கும். மனுசத் தலைக்கும் அப்படித்தான். ஓரம் வெட்டுகிற மிஷின் சத்தத்துக்கு அவள் மிரண்டாள். நான் என்ன செய்தேன் தெரியுமா? ஒரு வாரம் அவள் பக்கத்தில் நின்று மிஷினைச் சும்மா ஓடவிட்டேன். எட்டாம் நாள் காதோரம் வைத்தேன், அசையவில்லை. கடைசியில் தண்ணீர் பீய்ச்சுகிற பாட்டிலால் உடம்பெல்லாம் பூப்போலப் பீய்ச்சி, துண்டால் ஒரு இழுப்பு. வெயிலில் நிறுத்தினால் செம்புப் பாத்திரத்தைப் புளி போட்டுத் துலக்கின மாதிரி இருப்பாள்.

நடுக்கதவையும் கொல்லைக் கதவையும் திறந்து வைத்தேன். நாற்காலியில் உட்காருகிறவர்களுக்குக் கண்ணாடியில் அவள் தெரிவாள். முகம், கழுத்து, முதுகு, வயிறு வரைக்கும் தெரியும். அதற்குக் கீழே தெரியாது. கண்ணாடிக்கு முன்னால் பவுடர் டப்பா, ஸ்பிரே, சீப்பு எல்லாம் வைக்கிற பலகை மறைத்துக்கொள்ளும். என் கடைக் கண்ணாடியில் பவளத்துக்குக் கால் கிடையாது.

கொக்கியா? ஆணியில் மாட்டி வைத்தேன். கத்திரிக்கோலுக்குப் பக்கத்தில்.

இப்போது எங்கள் அப்பாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவருக்குக் கடை கிடையாது. வீடு வீடாகப் போவார். முடி வெட்டுவார், சவரம் செய்வார், அப்புறம் நகம். பெரிய வீடுகளில் கட்டிலில் உட்கார்ந்தபடியே காலை நீட்டுவார்கள். அப்பா கீழே உட்கார்ந்து அந்தக் காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொள்வார். ஒரு கை குதிகாலுக்கு அடியில், ஒரு கை கெண்டைக்காலுக்கு அடியில். கால்காரருக்குத் தன் கால் தூக்கப்பட்டதே தெரியாது, அவ்வளவு பதனமாகத் தூக்குவார். ஒருநாள் நானும் கூடப் போயிருந்தேன். வேலை முடிந்தது. அந்த மனிதர் யாருடனோ பேசிக்கொண்டே, அப்பா தோளில் காலை ஊன்றி எழுந்தார். திட்டவில்லை, அடிக்கவில்லை. கெட்ட எண்ணம்கூட இல்லை. படிக்கட்டில் கால் வைக்கிற மாதிரி வைத்தார். அப்பாவும் தோளை ஆடாமல் பிடித்துக் கொடுத்தார்.

நான் கடை வைத்த அன்றைக்கே நாகமணியிடம் சொன்னேன், கழுத்துக்குக் கீழே எனக்கு வேலை இல்லை என்று. இருபத்தாறு வருடத்தில் ஒருத்தர் காலையும் நான் தொட்டதில்லை. வயசானவர்கள் நகம் வெட்டிவிடச் சொல்லிக் கெஞ்சியிருக்கிறார்கள். செருப்பு அறுந்து விழுந்த ஆளுக்குக்கூடக் குனிந்து எடுத்துக் கொடுத்ததில்லை. இப்போது புரிகிறதா, உங்கள் காலை ஏன் தூக்கவில்லை என்று? உங்கள் கால் என்பதால் இல்லை தம்பி. அது கால் என்பதால்தான்.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. கொட்டகைத் தரை மண் தரை. மழைத்தண்ணீர் போதாது என்று நான் தினமும் ஊற்றுகிற தண்ணீர் வேறு. அவளைப் பளபளவென்று வைத்திருக்க எத்தனை குடம் ஊற்றியிருப்பேன்! அதெல்லாம் அவள் காலடியில்தான் நின்றது. முதுகு காய்ந்திருக்கிறதா என்று தொட்டுத் தொட்டுப் பார்ப்பேன். தரையைப் பார்த்ததில்லை.

நாகமணி பார்த்தாள். சாணி அள்ளுகிறவள் அவள்தானே.

"ஏனுங்க, கொட்டகையில ஒரு நாத்தம் வருதுங்க. சாணி நாத்தம் இல்லீங்க. எதோ அழுகின மாதிரி."

"மழைக்கு அப்படித்தான் இருக்கும்."

"காலைத் தூக்கிப் பாருங்க ஒருக்கா."

"பாக்கலாம், பாக்கலாம்."

அவளே ஒருநாள் தூக்கப் போயிருக்கிறாள். பவளம் விடவில்லை. எப்படி விடுவாள்? வந்த நாளிலிருந்து யாரும் அவள் காலைத் தொட்டுப் பழக்கவில்லை. மிஷின் சத்தத்துக்கு ஒரு வாரம் பழக்கினவன், காலுக்கு ஒரு நாள் பழக்கவில்லை. உதறின உதறலில் நாகமணி சுவரில் போய் மோதினாள். முழங்கையில் சிராய்ப்பு. அதற்கு மஞ்சள் பூசிக்கொண்டே கேட்டாள்.

"கடையில ஆள் இல்லாதப்பவாவது பாக்கலாமில்லீங்க? அது பவளத்தோட காலுங்க. உங்கப்பா புடிச்ச காலா அது?"

நான் அன்றைக்கு அவளோடு பேசவில்லை. சாப்பிடவும் இல்லை. அவ்வளவு ரோஷம்.

கார்த்திகையில் பவளம் தலையாட்ட ஆரம்பித்தாள். கொட்டகையிலிருந்து தொட்டிக்கு நடக்கும்போது, நாலு அடிக்கு ஒரு தடவை தலையை மேலே தூக்கி இறக்குவாள். கண்ணாடியில் பார்த்தால் கடைக்கு வந்தவர்களுக்கு வணக்கம் சொல்கிற மாதிரியே இருக்கும். "என்னங் துரைராஜ், குதிரைக்குச் சலாம் போடக் கத்துக் குடுத்துட்டீங்க போல!" என்றார்கள். நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆமாம், கொஞ்சம் பழக்கியிருக்கிறேன் என்றேன். தீவனப் பையைத் தட்டி அவளை நடக்கவிட்டுக் காட்டக்கூடச் செய்தேன். தம்பி, அதை நினைத்தால்தான்... சரி, சொல்லி முடிக்கிறேன்.

கால்நடை மருந்தகத்தில் வேலை பார்க்கிற கதிர்வேல் என்று ஒருவர் சவரத்துக்கு வருவார். அவர் முகத்தில் நுரை போட்டிருந்தேன். கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே இருந்தவர் சொன்னார்.

"அண்ணா, அது சலாம் இல்லீங்கண்ணா. முன்னங்கால்ல வலி. வலிக்கிற கால் தரையில படறப்போ தலையை மேல தூக்கும், பாரம் எறங்கக் கூடாதுன்னு. குளம்புக்கு அடியில அழுகியிருக்கும். நடுவுல முக்கோணமா மெத்தை மாதிரி இருக்குமில்ல, அதுக்கு ரெண்டு பக்கமும் பள்ளம். சேறு அடைச்சு நிக்குதா பாத்தீங்களா?"

"பேசாதீங்க, மேலுதட்டுல கத்தி இருக்குது" என்றேன்.

சவரத்தை முடித்தேன். எழுந்து முகம் துடைத்த பிறகு சொன்னார். "பெரிய வைத்தியம் இல்லீங்கண்ணா. தினமும் தோண்டிக் கழுவித் தொடைச்சு, மருந்து வெச்சு, காஞ்ச தரையில நிறுத்துனா ஒரு மாசத்துல சரியாயிரும். விட்டுட்டா உள்ள போயிரும். அப்புறம் குதிரை நிக்கவே நிக்காது. நான் வந்து காட்டித் தர்றேன். நீங்க காலை மடியில வெச்சுப் புடிச்சுக்கிட்டாப் போதும்."

காலை மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டால் போதும். அதை அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். பெஞ்சில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் கேட்டார்களா, இல்லையா என்றுதான் நான் பார்த்தேன். "நான் பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டேன்.

அந்த வாரமே செங்கோடன் வந்தார். வேலமரத்துப் பிரிவில் இளநீர் வியாபாரம் செய்கிறவர். முடி வெட்ட உட்கார்ந்தவர் கண்ணாடியில் பவளத்தைப் பார்த்தார். அவ்வளவுதான், தலையை நேராகவே வைக்கமாட்டேன் என்கிறார். "தருவீங்களா?" என்று கேட்டார். எப்போதுமே, யார் கேட்டாலும், மாட்டேன் என்றுதான் சொல்வேன். அன்றைக்கு, "நல்லா வெச்சுக்குவீங்களா?" என்று கேட்டேன். நான் கேட்டேன், அவரை!

மறுநாள் கயிறோடு வந்தார். அவளைச் சுற்றிச் சுற்றி வந்தார். கழுத்தைத் தடவினார். அப்புறம் குனிந்தார்.

"வாங்கறதுக்கு முன்னால காலைத் தூக்கிப் பாத்துருன்னு எங்க பங்காளி சொல்லி அனுப்பினானுங்க" என்று முன்னங்காலில் கை வைத்தார்.

 நாகமணி கதவோரம் நின்றாள். பவளம் காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். செங்கோடன் நிமிர்ந்து அவள் முதுகைப் பார்த்தார், பிடரியைப் பார்த்தார், என் கையைப் பார்த்தார். சிரித்தார்.

"நான் ஒருத்தன்! முடியையே இப்படிப் பாத்துக்கறவரு காலை விட்டிருப்பீங்களாங்?"

நான் தலையாட்டினேன்.

வாயால் ஒரு வார்த்தை சொல்லவில்லை. வாயால் பொய் சொன்னேனா என்று யாரும் என்னைக் கேட்க முடியாது. இதைத்தான் நான் நாகமணியிடமும் சொன்னேன்.

வண்டி வைக்கவில்லை அவர். பேசிக்கொண்டே நடத்திக்கூட்டிப் போகிறேன் என்றார். இந்த ரோடுதான் தம்பி. இவ்வளவு தூரமும் தார் ரோடு. வளைவு திரும்புகிற வரைக்கும் நான் வாசலில் நின்று பார்த்தேன். நாலு அடிக்கு ஒரு தடவை தலை மேலே போய் இறங்கியது. செங்கோடன் திரும்பிப் பார்த்துக் கத்தினார். "பாருங்க, தலையாட்டிச் சொல்லிட்டுப் போகுதுங்க!"

நான் கையை ஆட்டினேன்.

பத்து நாள் கழித்துப் போன் செய்தார். "பவளம் ரொம்ப நேரம் படுத்தே கெடக்குதுங்க. நடந்த களைப்புங்களா?" கேட்டாரே தம்பி, சொல்லியிருக்கலாம் இல்லையா? "ஆமாங்க, புது இடமில்லீங்களா, பழகிரும்" என்றேன். போனை வைத்த பிறகுதான், இது வாயால் சொன்ன பொய் என்று தோன்றியது.

நாகமணி திட்டவில்லை. ஆணியிலிருந்து கொக்கியை எடுத்து என் முன்னால் வைத்தாள். "போய்ச் சொல்லீட்டு, நீங்களே ஒருக்கா தோண்டிக் காட்டீட்டு வாங்க" என்றாள். அடுத்த செவ்வாய் கிளம்பினேன். இதே பஸ். பிரிவு வந்தது. முன்னால் இரண்டு பேர் இறங்கினார்கள். நான் இறங்கவில்லை. ஏதோ யோசனையில் விட்டுவிட்டேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்தியூர் போய் டீ குடித்துவிட்டுத் திரும்பி வந்தேன். அதற்கு அடுத்த செவ்வாய் அந்த யோசனைகூட இல்லை. டிக்கெட் எடுக்கும்போதே அந்தியூர் என்று கேட்டேன். இன்றைக்கும் பாருங்கள், அந்தியூர்தான்.

போன வாரம் வீட்டுக்குப் போனதும் நாகமணி கேட்டாள். "தோண்டிக் கழுவுனீங்களா?"

"கழுவினேன்."

"நாத்தம் நின்னுருச்சுங்களா?"

"நின்னுருச்சு."

அவள் என் கையை எடுத்து மூக்குக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். கல்யாணமாகி முப்பது வருடத்தில் அப்படி ஒரு காரியம் அவள் செய்ததில்லை. "பவுடர் வாசந்தானுங்க வருது" என்றாள். கையை விட்டுவிட்டாள். விடும்போது மெதுவாகத்தான் விட்டாள். அதற்கப்புறம் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. இன்றைக்குக் காலையில் சட்டை போட்டால் பையில் கனமாக இருக்கிறது. கொக்கி. இதோ. புதுசு போல இருக்கிறது, பாருங்கள். ஆறு மாதத்தில் ஒரு மண் துகள்கூட இதில் பட்டதில்லை.

நேற்றைக்குச் செங்கோடன் மறுபடியும் போன் செய்தார். நான் எடுக்கவில்லை. கதிர்வேல் ஒரு மாதம் என்று சொன்னது போன மாதம். கணக்குப் போட்டுப் பார்க்கக்கூடப் பயமாக இருக்கிறது. நாற்றம் இருந்தால் இன்னும் வழி இருக்கிறது என்று அர்த்தமா, இல்லை என்று அர்த்தமா, அதையும் நான் கேட்கவில்லை. கேட்டால் தெரிந்துவிடும்.

பருவாச்சி தாண்டிவிட்டோமா? அப்படியானால் இதோ வந்துவிடும்.

செங்கோடன் என்ன சொல்வார் என்று எனக்குப் பயமில்லை தம்பி. திட்டட்டும், அடிக்கட்டும். இளநீர் வெட்டித் தருவார், அதுதான் பயம். "வாங்க வாங்க" என்று கட்டிலில் உட்காரச் சொல்வார். நான் உட்காராமல் கீழே குந்த வேண்டும். அவர் வீட்டு ஆட்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். அவள் காலைத் தூக்கி என் மடியில் வைக்க வேண்டும். அப்பா அப்படி உட்கார்ந்திருந்ததைத்தான் நான் இத்தனை வருடம் அசிங்கம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் மடியில் வைத்த கால் எதுவும் அழுகினதில்லை.

"வேலமரத்துப் பிரிவு! எறங்கறவங்க முன்னால வாங்க! சலூன்காரரே, உங்களுக்கு வழக்கம்போல அந்தியூருதானுங்களே?"

கேட்டீர்களா, கண்டக்டருக்குக்கூடப் பழகிவிட்டது.

இல்லை தம்பி, நீங்கள் அசையாதீர்கள். கண்டக்டரைக் கூப்பிட வேண்டாம். நான் வெளியே வர வேண்டுமானால் இந்தக் காலை எடுத்தாக வேண்டும், அவ்வளவுதானே. நானே எடுக்கிறேன். குதிகாலுக்கு அடியில் ஒரு கை. கெண்டைக்காலுக்கு ஒரு கை. நல்ல கனமாக இருக்கிறது, மாவுக்கட்டு இல்லையா. இப்படியே கொஞ்சம் பிடித்துக்கொள்கிறேன். வலிக்கிறதா? நிஜமாகவே வலிக்கவில்லையா? சும்மா தலையாட்டாதீர்கள், வாயால் சொல்லுங்கள்.

சரி. பை மேலேயே வைத்துவிட்டேன்.

விசில் அடிச்சுராதீங்க கண்டக்டரே, எறங்கறேன். எறங்கறேனுங்க.